பெரியப்பா சொல்லும் ‘சரி’

பெரியப்பாவுக்கு 78 வயது. பத்து காஜாவில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மகனோடு ஒரு தாமான் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் போய், கைப்பேசியில் வந்ததையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். ஐந்தடியில் பிராணவாயு இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கும். மூக்கில் குழாயோடு அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

சில வாரங்களுக்கு முன்பு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளின் நுரையீரலில் ரத்த ஓட்டத்தைச் சீராக்குமா என்று ஆராய்கிறார்கள் என ஒரு கட்டுரையை வாசித்தேன். சிஓபிடி என்று மருத்துவமனைகளில் சொல்வது இந்த நோயைத்தான். பெரியப்பாவுக்கும் அதுதான். இதயத்துடிப்பு சீராக இல்லை என்பதற்காக மூன்று வருடமாக வார்ஃபரினும் சாப்பிடுகிறார்.

“ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரைதானே? அது மூச்சுக்கும் கேக்குமா?”

“தெரியாது பெரியப்பா. அதைத்தான் சோதிச்சுப் பாக்குறாங்க.”

“ஆளு வேணும்னா எம் பேரை எழுதிக் குடு பாப்பா.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர்மேல் ஏன் கோபப்பட்டேன் என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

முதலில் அந்த ஆய்வின் யோசனை என்ன என்று பார்த்துவிடலாம். நுரையீரலில் காற்று வந்துபோக ஒரு வழி, ரத்தம் வந்துபோக இன்னொரு வழி. இரண்டும் மெல்லிய சவ்வின் இரு பக்கமும் நெருங்கும் இடத்தில்தான் மூச்சு ரத்தமாகிறது. சிஓபிடியைக் காற்றுவழியின் நோயாகவே நெடுங்காலம் பார்த்தார்கள். ஆனால் நோய் முற்றாத நிலையிலேயே நுரையீரலின் நுண்குழாய்களில் ரத்த ஓட்டம் குறைந்திருப்பதை நவீனப் படங்கள் காட்டின. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். காற்றறைகளின் சுவர் அழியும்போது அதிலுள்ள ரத்தக் குழாய்களும் சேர்ந்து அழிகின்றன. பிராணவாயு குறைந்த இடத்தில் குழாய்கள் தாமாகவே சுருங்கிக்கொள்கின்றன. ஓயாத அழற்சியால் ரத்தம் எளிதில் உறையும் தன்மையை அடைகிறது. மூன்றாவதாகச் சொன்னதில்தான் இந்த மருந்துக்கு வேலை. நுண்குழாய்களைச் சிறு உறைகட்டிகள் அடைத்திருந்தால், மேலும் உறையாமல் தடுத்து ஓட்டத்தைத் திறந்துவிட முடியுமோ என்பது கேள்வி. அழிந்துபோன குழாயை எந்த மாத்திரையும் மீட்டுத் தராது.

யோசனையில் நியாயம் இருக்கிறது. மூச்சுத்திணறல் திடீரென்று மோசமாகி மருத்துவமனையில் சேர்ந்த 740 சிஓபிடி நோயாளிகளை பிரான்சில் பரிசோதித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 5.9 விழுக்காட்டினரின் நுரையீரலில் உறைகட்டி இருந்தது. அதே ஆண்டு ஸ்பெயினிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. இத்தகைய நோயாளிகளிடம் உறைகட்டியை முனைந்து தேடிச் சிகிச்சையளித்தும், வழக்கமான கவனிப்பைவிடப் பலன் கூடவில்லை. கட்டி இருப்பது ஒரு விஷயம், அதைத் தேடிப்போவதால் மனிதர் பிழைப்பது வேறு விஷயம். மறுபக்கம் ரத்தக்கசிவு காத்திருக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், சாதாரணமாக வீங்கி வற்றும் காயம் இந்த மருந்தோடு உயிரைக் குடிக்கலாம்.

நியாயமாகத் தோன்றும் யோசனைகள் ஆளைக் கொன்ற வரலாறும் உண்டு. மாரடைப்புக்குப் பிறகு இதயத்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள் அதிகம் சாகிறார்கள். ஆகவே துடிப்பைச் சீராக்கும் மருந்து கொடுத்தால் பிழைப்பார்கள் என்று அமெரிக்க மருத்துவர்கள் நம்பினார்கள், கொடுத்தும் வந்தார்கள். ஒருவழியாக முறையாகச் சோதித்துப் பார்த்தபோது, மருந்து கொடுத்த 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை கொடுத்த 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். துடிப்பு சீரானது, மனிதர்கள் செத்தார்கள். 1989இல் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். சோதிக்காமல் விட்டிருந்தால் எத்தனை நாட்டில் எத்தனை பேருக்கு நல்ல மனதோடு அதே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்?

ஆகவே சோதித்துத்தான் ஆக வேண்டும். யார்மேல் சோதிப்பது? யாருடைய ‘சரி’யை வாங்கிக்கொண்டு?

வார்ஃபரினின் கதையைப் பெரியப்பாவுக்கு நான் சொல்லியிருக்கிறேன். 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933இல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி செத்த கன்றையும், பால் கேனில் உறையாத ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு பனிப்புயலில் பல்கலைக்கழகம் வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் அந்த ரத்தம் வந்து சேர்ந்தது. அங்கிருந்து கிளம்பிய ஆராய்ச்சியில்தான் 1948இல் வார்ஃபரின் எலிமருந்தாகச் சந்தைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தானது.

“எலிமருந்தா?” என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது. தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட காலத்தில், மரத்துக்கு மரம் மெழுகுக்கட்டி போல எலிமருந்து வைப்பது கொஞ்ச நாள் அவர் வேலையாக இருந்தது. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் நெடுங்காலம் வைத்தது வார்ஃபரின்தான். பிறகு எலிகளுக்கு அது பழகிப்போய், கூகைக்குக் கூடு கட்டி வைக்கும் காலம் வந்தது. “அப்ப எலிக்கு வச்சேன். இப்ப எனக்கு வைக்கிறாங்க. சரிதான்.”

இந்த ‘சரிதான்’ அவருடைய பேச்சில் எல்லா இடத்திலும் வரும். அதற்குள் போவதற்கு முன் நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

1900களின் தொடக்கத்தில் மலாயாவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற நோய் பெரிபெரி. ஈய லம்பத்துச் சீனர்களை வாரிக்கொண்டு போனது. தோட்டத்துத் தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. லெனார்ட் பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. நோய் அரிசியில் இருக்கிறது என்று அவர் எழுதினார், பலர் ஏற்கவில்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பது பின்னாளில் தெரிந்த சங்கதி. நம் பாட்டிகள் ஊரிலிருந்து கொண்டுவந்த சோற்றுப் பழக்கம் அவர்களுக்கே தெரியாமல் அவர்களைக் காப்பாற்றியது.

1905 டிசம்பரில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் இதைச் சோதித்தார். அங்கிருந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து எண்ணிட்டார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குத் தீட்டிய அரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல் அரிசி. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 120 பேர். தீட்டிய அரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியால் செத்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கத்தில் ஒருவரும் சாகவில்லை. 1907இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. ஊட்டச்சத்து அறிவியலின் வரலாற்றில் இது முக்கியமான சோதனை. பெரிபெரியின் காரணம் விளங்கியதில் அந்தப் பதினெட்டுப் பேருக்குப் பங்கு உண்டு. அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பூட்டிய கதவுக்கு உள்ளே இருப்பவர் சொல்லும் ‘சரி’க்கு என்ன மதிப்பு?

1930களில் உலக நாடுகள் சங்கத்தின் மலேரியா ஆணையம் கொய்னாவையும் அட்டெப்ரினையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேர்ந்த நாடுகளில் மலாயாவும் ஒன்று. இங்கே சோதனைக்களம் ரப்பர் தோட்டம். தோட்டம் சோதனைக்கு வசதியான இடம். ஆட்கள் ஒரே லயத்தில் இருப்பார்கள், ஒரே நேரத்தில் எழுவார்கள், தினமும் பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள். யார் வந்தார், யார் காய்ச்சலில் கிடக்கிறார் என்பது கிராணியின் புத்தகத்தில் இருக்கும். என் தாத்தா காலத்தில் பெரட்டுக்களத்திலேயே டிரஸர் மாத்திரை கொடுப்பாராம். அவர் கண்முன்னாலேயே விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். அது காய்ச்சலுக்கா, தடுப்புக்கா, எதையாவது பரிசோதிக்கவா என்று தாத்தாவுக்குத் தெரியாது. தெரியாதது பெரிய குறையாகவும் அவருக்குத் தோன்றவில்லை. சரிங்கய்யா என்று விழுங்கிவிட்டு மரம் வெட்டப் போனார்.

நாசி மருத்துவர்களின் விசாரணைக்குப் பிறகு 1947இல் நியூரம்பெர்க் நெறிமுறை வந்தது. 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனம். மலேசியாவின் மருந்துச் சோதனைக்கான நன்னெறி வழிகாட்டி 1999இல் வெளியானது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: விவரம் சொல்லி, புரியவைத்து, வற்புறுத்தாமல் கேட்டு வாங்கிய சம்மதம் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் சிகிச்சை குறையக் கூடாது.

இந்த இடத்தில் நான் நின்றுவிட்டால் கட்டுரை வசதியாக முடிந்துவிடும். ஏழைகளை எலியாக்கினார்கள், இனி நாம் விழிப்பாக இருப்போம் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் பெரியப்பாவின் மூக்கில் அந்தக் குழாய் இருக்கிறதே.

நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு வீட்டிலேயே தினமும் 15 மணிநேரம் பிராணவாயு கொடுத்தால் ஆயுள் கூடுமா என்பது 1970களில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பிரிட்டனில் மூன்று ஊர்களில் 87 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். 42 பேருக்குப் பிராணவாயு, 45 பேருக்கு இல்லை. ஐந்தாண்டு முடிவில் பிராணவாயு பெற்றவர்களில் 19 பேர் இறந்திருந்தார்கள், பெறாதவர்களில் 30 பேர். 1981இல் இது வெளிவந்தது. பெரியப்பாவுக்கு டாக்டர் இயந்திரம் வாங்கச் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். அந்த 45 பேரில் ஒருவரையும் நமக்குத் தெரியாது. அவர்கள் பெறாத மூச்சை வைத்துத்தான் பெரியப்பாவின் மூச்சு நீள்கிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அப்படியென்றால் பட்ட கடனை யார் அடைப்பது? நமக்கு மருந்து வேண்டும், சோதனைக்கு மட்டும் வேறு யாராவது போகட்டும் என்பது என்ன நியாயம்? பெரியப்பா “எம் பேரை எழுதிக் குடு” என்றபோது எனக்கு வந்த கோபத்தில் இந்த அநியாயமும் கலந்திருந்தது.

ஆனால் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மருத்துவமனையில் அவரோடு காத்திருந்தேன். ஓர் இளம்பெண் வந்து, ஓர் ஆய்வுக்காக ஒரு குழாய் ரத்தம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாமா என்று மலாயில் கேட்டார். நான்கு பக்கத் தாள் கொடுத்தார். மரியாதையாகத்தான் கேட்டார், நேரம் எடுத்து வாசிக்கலாம் என்றார். எனக்குப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டிய அவசரம். “அவருக்குப் புரியாது, நான் பாத்துக்குறேன்” என்று சொல்லிவிட்டு, “கையெழுத்துப் போடுங்க பெரியப்பா” என்றேன். போட்டார். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டார்: “பாப்பா, அது சொக்சோ பணத்துக்கா?”

தாள் சரியாக இருந்தது. கேட்ட முறையும் சரியாக இருந்தது. சம்மதம் மட்டும் இல்லை. அதை இல்லாமல் ஆக்கியவள் நான். லயத்தில் பிறந்து, துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் டிரஸருக்கும் ‘சரிங்கய்யா’ சொல்லிப் பழகிய ஒரு மனிதரிடம், அவர் வளர்த்த பெண் வந்து ‘போடுங்க’ என்றால் அவர் வேறு என்ன செய்வார்? தமிழில் ‘சரி’ என்றால் ஒப்புக்கொள்கிறேன் என்றும் பொருள், நியாயம்தான் என்றும் பொருள், ஆளை விடுங்கள் என்றும் பொருள். படிவத்தில் மூன்றுக்கும் ஒரே கையெழுத்து.

நன்றாகப் படித்தவர்களுக்கும் வேறொரு மயக்கம் உண்டு. பால் ஆப்பெல்பாம் என்ற மனநல மருத்துவரும் அவர் சகாக்களும் 1982இல் அதைப் பற்றி எழுதினார்கள். ஆய்வில் சேர்ந்த பலர், மருந்தா வெற்று மாத்திரையா என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது என்று சொன்ன பிறகும், டாக்டர் தனக்கு நல்லதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார் என்று நம்பினார்கள். சிகிச்சையில் டாக்டரின் கவலை இந்த நோயாளி. ஆய்வில் அவருடைய கேள்வி இனி வரப்போகும் நோயாளிகளைப் பற்றியது. இரண்டும் ஒரே அறையில் ஒரே வெள்ளைக் கோட்டுக்குள் இருக்கும்போது பிரித்துப் பார்ப்பது யாருக்கும் கஷ்டம்.

அதனால் பெரியப்பா போன்றவர்களைச் சோதனையில் சேர்க்கவே கூடாது என்று முடிவெடுக்கலாமா? கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அதிலுள்ள ஆபத்து தெரிந்தது. அவருக்குப் புரியாது, அவருக்காக நான் தீர்மானிக்கிறேன் என்பது துரையின் வாக்கியம். மருத்துவமனையில் ‘சரி’ போடச் சொன்னபோதும் நான் அதைத்தான் சொன்னேன். இப்போது ‘முடியாது’ போடச் சொன்னாலும் அதையேதான் சொல்கிறேன். தவிர, புகைவீட்டில் வேலை செய்து, விறகடுப்புப் புகையிலும் சுருட்டிலும் நுரையீரலைக் கரைத்த கிழவர்களை விலக்கிவிட்டுச் சோதித்த மருந்து கடைசியில் யாருக்கு வரும்? அவர்களுக்குத்தான் வரும். அவர்கள் உடம்பில் அது என்ன செய்யும் என்று தெரியாமலே வரும்.

பத்து காஜாவுக்கு வருகிறவர்கள் பார்க்கும் கெல்லி துரை மாளிகையின் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. மாளிகை கட்டும்போது ஸ்பானிஷ் காய்ச்சலில் கூலிகள் செத்து விழ, அவர்கள் துரையிடம் கோயில் கட்டித் தரக் கேட்டார்கள் என்று சொல்வார்கள். கோபுரத்தில் சாமிகளுக்கு நடுவே துரையின் சிலையும் நிற்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித்தும் 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில்தான் இறந்தார். சிறுவயதில் அந்தக் கதை எனக்கு அறியாமையின் கதையாகத் தெரிந்தது. இப்போது அதில் வேறொன்று தெரிகிறது. சாவு நடுவே நின்றுகொண்டு, தமக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் வாய்திறந்து கேட்டிருக்கிறார்கள். கொடுத்ததை விழுங்குவதும் கேட்டு வாங்குவதும் ஒன்றில்லை.

அடுத்த ஞாயிறு நான் கைப்பேசியை எடுக்கவில்லை. “பெரியப்பா, அந்த மாத்திரை ரத்தத்துல என்ன செய்யுதுன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க” என்றேன். யோசித்தார்.

“தண்ணியாக்குதுன்னுதான சொல்றாங்க.”

“தண்ணியாகாது. கெட்டியாகாமப் பாத்துக்கும், அவ்வளவுதான்.”

அவர் முகம் மாறியது. “அமோனியா மாதிரியா?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவரே விளக்கினார். மங்கிலிருந்து எடுத்த பால் ஸ்டோருக்குப் போய்ச் சேர்வதற்குள் உறைந்துவிடும். வாளியில் கொஞ்சம் அமோனியா விட்டால் உறையாது. பால் தண்ணியாகாது, அதே பால்தான், திரிந்து போகாமல் இருக்கும். ஸ்டோரில் ஆசிட் ஊற்றினால் உறையும். அமோனியா கூடிப்போனால் பிறகு எவ்வளவு ஆசிட் ஊற்றினாலும் சீக்கிரம் உறையாது, கிராணி கத்துவான். “ரத்தத்துக்கு அமோனியா கூடிப்போனா காயம் ஆறாது. அதுக்குத்தான் மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பாக்குறானுங்களா?”

மூன்று வருடமாகக் கையில் கொடுத்த புத்தகம் விளக்காததை முப்பது வருடம் பால் தூக்கிய தோள் விளக்கியது. பிறகு மெதுவாகக் கேட்டேன்: சோதனையில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, உங்களுக்கு ஒரு பலனும் இல்லாமல் போகலாம், ரத்தம் கசியலாம். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

வெகுநேரம் பேசவில்லை. இயந்திரச் சத்தம் மட்டும்.

“பலன் இல்லாட்டி போவுது. எனக்குப் பின்னாடி எவனுக்காவது ஆகும். ஆனா ஒண்ணு. என்ன கண்டுபிடிச்சானுங்கன்னு வந்து சொல்லணும். தோட்டத்துல ரத்தம் எடுத்தான், சளி எடுத்தான், எவனும் வந்து சொன்னதில்ல.”

என் தாத்தாவுக்கும் காப்பகத்து ஒற்றைப்படை எண்காரர்களுக்கும் எவரும் வந்து சொன்னதில்லை. நெறிமுறைகளில் இதற்கும் இப்போது இடமிருக்கிறது, முடிவைத் தெரிந்துகொள்ளப் பங்கேற்றவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது ஹெல்சிங்கிப் பிரகடனம். அதை வாசித்தறியாத ஒருவர் தானாகவே அதைக் கேட்டபோது, நான் முதல்முறையாக அவருடைய ‘சரி’யைக் கேட்டதாக உணர்ந்தேன். நிபந்தனை போடத் தெரிந்தவரின் சம்மதம் அது.

கடைசியாக ஓர் உண்மையையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஏற்கெனவே வார்ஃபரின் சாப்பிடுகிறவரை இப்படிப்பட்ட சோதனையில் சேர்க்க மாட்டார்கள். குலுக்கலில் வெற்று மாத்திரை விழுந்தால் அவருக்குத் தேவையான மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும், மருந்து விழுந்தால் இரட்டிப்பாகிவிடும்.

“அப்ப நம்மள எடுக்க மாட்டானுங்களா?” அவர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம்தான். மரம் வெட்டப் பெரட்டுக்குப் போய், இன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் போல இருந்தார்.

“மாட்டாங்க பெரியப்பா.”

“சரி,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எடுத்தானுங்களே ஒரு குழாய், அது என்னாச்சுன்னு கேளு” என்றார்.

நாளை கேட்கப் போகிறேன். அவரையும் கூட்டிக்கொண்டு.